சாம்பிராணி குடித்த மெஷின்

காஞ்சிபுரத்தில் கடவுளுக்கு அடுத்தபடியாகத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் உள்ளவர்கள் சிலர் உண்டு. பட்டுச் சேலையின் ஜரிகையை உரசிப் பார்ப்பவர் ஒருவர். வண்டிப் புகையை அளந்து பார்க்கும் சங்கரி இன்னொருவர். முன்னவரைச் சரிக்கட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது. சங்கரியைச் சரிக்கட்ட முடியாது என்பது அவருடைய வீட்டுக்காரர் வேலாயுதத்துக்கே தெரியும்.

வேலாயுதம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். ஒருநாள், பெண்டாட்டி கடைதானே என்று ஸ்கூட்டரைக் கொண்டுபோய் நிறுத்தினார். "ஃபெயில். கார்புரேட்டரை சுத்தம் பண்ணிக்கினு வாங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, ஓரமா தள்ளுங்க" என்று தீர்ப்பானது. ஒரு வாரம் சைக்கிள் மிதித்தார். அந்த வாரம்தான் ஊருக்குள் சங்கரியின் பெயர் நிலைபெற்றது. ஒரிக்கைச் சாலையோரத் தகரக் கொட்டகையில் இருக்கும் அந்தப் புகைப் பரிசோதனை நிலையத்தின் மொத்த மூலதனம் இந்தப் பெயரும் ஒரு மெஷினும்தான்.

மெஷினுக்கு நீளமாக ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதுதான் அதன் மூக்கு. வண்டியின் புகைக்குழாயில் செருகினால் ஆக்சிஜன் இவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு, மோனாக்சைடு இவ்வளவு என்று சொல்லிவிடும். அதற்கு முன்பு ஒரு நித்திய கர்மா இருக்கிறது. கண் விழித்துச் சில நிமிடம் சூடேறியதும் சுத்தமான வெளிக்காற்றை ஒருமுறை முகர்ந்து, 'ஆக்சிஜன் 20.9, மற்றதெல்லாம் சைபர்' என்று மனதில் இருத்திக்கொள்ளும். அடுத்து அணைக்கிற வரைக்கும் எல்லாத் தீர்ப்பும் அந்த முதல் மூச்சை வைத்துத்தான்.

ஆயுத பூஜை வந்தது. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தறிக்குச் செய்யும் மரியாதையைச் சங்கரி மெஷினுக்கும் செய்தார். சந்தனம், குங்குமம், கதம்பச் சரம். தூங்குகிற சாமிக்கு யாராவது தீபாராதனை காட்டுவார்களா? அதனால் சுவிட்சைப் போட்டு எழுப்பிவிட்டே பூஜையைத் தொடங்கினார். கங்கு நிறைந்த சாம்பிராணித் தட்டைப் பக்தியோடு குழாயின் வாய்க்கு நேரே வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது சாஸ்திரம். அணைக்காமலே வீட்டுக்குப் போய்ச் சுண்டல் சாப்பிட்டார்.

விஜயதசமி காலையில் முதல் ஆளாக வந்து நின்றது துரைக்கண்ணுவின் பெட்ரோல் ஆட்டோ. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முகப்பில் சாமந்தி மாலை. அந்த ஆட்டோ போகிற தெருவில் கொசு மருந்து அடிக்க நகராட்சி வரவேண்டியதில்லை. அதற்கு முன்பு மூன்று முறை ஃபெயில்.

"இன்னைக்கு எது தொட்டாலும் ஜெயம்மா. நீ மூக்க வுடு" என்றார் துரைக்கண்ணு.

மூக்கை விட்டார். பாஸ். சான்றிதழும் அச்சாகி வெளியே வந்துவிட்டது.

துரைக்கண்ணு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டீக்கடையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். அரை மணி நேரத்தில், இத்தனை நாள் சங்கரிக்குப் பயந்து சந்து வழியாக ஓடிய புகை வண்டிகள் எல்லாம் வரிசை கட்டின.

சங்கரிக்குச் சந்தோஷம் வரவில்லை. வண்டியிலிருந்து உருவிய குழாய் தெருக்காற்றை இழுத்துக்கொண்டு கிடந்தது. திரையில் ஆக்சிஜன் 24. கார்பன் டை ஆக்சைடு மைனஸ் இரண்டு. உலகத்தில் எங்கேயும் இல்லாத காற்று.

"நம்ம ஊர் காத்து அப்படிதாம்மா. ஏகாம்பரநாதர் மாமரம் இருக்குது இல்ல?" என்றார் துரைக்கண்ணு.

சங்கரி குழாயை மோந்து பார்த்தார். சாம்பிராணி. அப்போதுதான் உறைத்தது. தறிக்கு மூக்கு கிடையாது, இதற்கு உண்டு. கரிப் புகையை முகர்ந்து, இதுதான் சுத்தக் காற்று என்று மனதில் இருத்திக்கொண்டுவிட்டது. அதற்குப் பக்கத்தில் துரைக்கண்ணு ஆட்டோவும் சுத்தமாகத்தானே தெரியும்.

சொல்லாமல் இருந்தால் ஊரே பாஸ். சொன்னால்? சொன்னார்.

"அண்ணா, அந்த பேப்பரைக் குடுங்க. மெஷின் தப்பா காட்டுது. என் தப்புதான்."

"அப்போ மூணு தபா ஃபெயில் பண்ணியே, அதுவும் தப்புதானா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்கள் போல ஹாரன் அடித்தார்கள். இத்தனை வருஷம் சொன்ன ஃபெயில் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. கூட்டத்தில் வேலாயுதமும் ஸ்கூட்டரோடு நின்றார். அவருடைய முகத்தில் இருந்த ஆவலை இங்கே எழுதுவது குடும்பத்துக்கு நல்லதல்ல.

சங்கரி மூலையிலிருந்த, மெஷினைச் சரிபார்க்கும் சிறிய வாயு சிலிண்டரைத் தூக்கிவந்தார். உள்ளே என்ன வாயு எத்தனை சதவீதம் என்று சோதித்து ஒட்டியிருந்த சீட்டைத் துரைக்கண்ணுவையே வாசிக்கச் சொன்னார்.

"கார்பன் டை ஆக்சைடு பதினாலு."

குழாயில் மாட்டினார். திரை பன்னிரண்டு என்றது. பிறகு மெஷினை அணைத்து, குழாயைக் கொட்டகைக்குப் பின்னால் வயல் பக்கமாக நீட்டிப் பிடித்து, மறுபடி எழுப்பினார். நல்ல காற்றை ஆற அமர முகர்ந்தது. ஆக்சிஜன் 20.9. திரும்பச் சிலிண்டரை மாட்டினார்.

"படிங்கண்ணா."

"பதினாலு" என்றார் துரைக்கண்ணு, சாட்சிக் கூண்டில் நிற்பவர் குரலில்.

"தினம் காலைல இப்படிதான் செய்றேன். நேத்துதான் பக்தி ஜாஸ்தியாப் போச்சு. இப்போ வண்டிய எடுங்க."

எடுத்தார். நாலாவது முறையாக ஃபெயில். சங்கரி சான்றிதழைக் கிழித்துவிட்டு, அதை ரத்து செய்யச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போன் போட்டார். திரும்பிப் பார்த்தபோது வரிசை சாலையை விட்டே காணாமல் போயிருந்தது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஓடியவர்களில் முதலாவதாக வேலாயுதம்.

துரைக்கண்ணு வாழைக்கன்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போனார். பத்து நாள் கழித்து வந்து, சாம்பிராணி உதவியில்லாமல் பாஸானார்.

இந்த வருஷமும் மெஷினுக்குப் பூஜை உண்டு. சந்தனம், குங்குமம், சாம்பிராணி எதிலும் குறைவில்லை. மூக்கை மட்டும் வயல் பக்கமாக நீட்டி ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கோயிலில் பரிவட்டம் கட்டுவதற்குச் சமமான அந்த மரியாதை துரைக்கண்ணுவுக்குத்தான். வேலாயுதம் கேட்டுப்பார்த்தார். அவருடைய ஸ்கூட்டருக்குச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதால் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.