பலாமரத்து மேட்டிலிருந்து ஒரு மிஸ்டு கால்

இந்த ஃபின்லாந்தில் பனிக்காலத்தில் காலை ஒன்பது மணிக்கும் விடிவதில்லை. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே சத்தமே இல்லாமல் பனி விழுந்துகொண்டிருக்கும். எங்கள் கொல்லிமலை மழை, கூரை ஓட்டை உடைக்கிற மாதிரி தடதடவென்று சொல்லிக்கொண்டுதான் வரும். பாதித் தூக்கத்தில் நான் கறுப்புத் திரையைப் பார்த்தபடி இருப்பேன். கிரிப்டோ நாணயம் உயிரோடிருக்க உலகமெங்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் ஒவ்வொன்றும் ஒரு நோட். ஓடுகிற நோட்டை நிறுத்தாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பது என் வேலை. நோட்டை ஓட்டும் நிரலுக்குள் அங்கங்கே ட்ரேஸ் பாயிண்ட் உண்டு. ஓட்டம் அந்த இடத்தைக் கடந்தால் என் திரையில் ஒரு வரி விழும். கடக்காவிட்டால் ஒன்றும் வராது.

மிளகு பறிக்க ஏணி ஏறிய அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து மலைமேல் அரியூர் நாடு என்கிற எங்கள் ஊர்ப்பக்கத்தில், எங்கள் ஊட்டில் படுக்கையில் கிடந்தாள். இனி நடப்பாளா என்று டாக்டருக்கே தெரியவில்லை. எனக்கோ புது வேலை, லீவு கிடையாது. போனிலேயே குடியிருந்தேன். ஊட்டில் சிக்னல் இல்லை. பலாமரத்து மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு தெரியும். ஒரு வாரத்தில், அங்கே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வெடித்துவிட்டார்.

"ஏங்கண்ணு, நீ கூப்புடுவேன்னு நான் மேட்டுலயே நிக்கறேன். அங்க அம்மா தண்ணி கேட்டுக்கிட்டுக் கெடக்குது. அதப் பாக்கறதா, உம்போனப் பாக்கறதா?"

சுரீர் என்றது. அதே வாரம் எங்கள் நோட்டும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஒரு கோளாறைத் தேடும் பதற்றத்தில், இருக்கிற ட்ரேஸ் பாயிண்ட் அத்தனையையும் திறந்துவிட்டிருந்தேன். எனக்குப் பதில் சொல்லவே அதற்கு நேரம் சரியாக இருந்தது. பக்கத்து மேசை யூஹா எட்டிப் பார்த்து, "ஒன்று போதுமே" என்றார். ஐயோ, ஊட்டிலும் இதைத்தானே செய்தேன்!

ஒன்றை விட்டுவிட்டு மற்றதெல்லாம் அணைத்தேன். அண்ணனிடமும் சொன்னேன்: "இனி நான் கூப்புடலீங்ண்ணா. ஏதாச்சும் ஒண்ணுன்னா நீங்க கூப்புடுங்க. மேடு வரைக்கும் அம்மா தானா நடந்து வர்ற அன்னைக்கு, அதோட போன்ல ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்க."

பதினெட்டு நாள் ஒன்றும் வரவில்லை. பனியைப் பார்ப்பேன், போனைப் பார்ப்பேன். பயமாகத்தான் இருந்தது, சொல்ல என்ன வெட்கம்.

நேற்று காலை ஒன்பது மணிக்குப் போன் அதிர்ந்தது. அம்மா படம்.

"உன் அம்மா கூப்பிடுகிறார், எடு" என்றார் யூஹா.

"எடுக்க மாட்டேன்."

அவர் முகம் போன போக்கு! தாயோடு சண்டை என்று நினைத்திருப்பார் பாவம். போன் மூன்று முறை அதிர்ந்ததும் அம்மா சரியாக வெட்டிவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. ஜன்னலில் இன்னும் விடியவில்லை. மேட்டிலோ மணி பன்னிரண்டரை, உச்சி வெயில். பூட்ஸுக்குள் இருந்த என் கால், அங்கே செருப்பில்லாமல், மூச்சு வாங்கும் அம்மா பக்கத்தில் நின்றது.