ஆறு பிரேமுக்கு ஒரு குண்டு

என் அக்கா எதையும் காதால் சோதிப்பவள். மலேசியாவில், சிகாமட் ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே லைனில் நிற்கிறாள். மெஷின் ஓடும் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சூப்பர்வைசருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் பயத்தில் தள்ளியது.

அப்போது நான் ஜொகூர் பாருவில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்து ஆறாவது மாதம். பல பேர் அவரவர் வீட்டிலிருந்து ஒன்றாகச் சேர்ந்து விளையாடும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக மாறி, சண்டை போட்டு, திறமைகளை வளர்த்துக்கொண்டே போக வேண்டும். அதில் தானியங்கித் துப்பாக்கி என் பொறுப்பு. பட்டனை அழுத்திப் பிடித்தால் நொடிக்குப் பத்துக் குண்டுகள் பாய வேண்டும். பிடித்தபடியே இருந்தால் துப்பாக்கி முனை மேலேறும், குண்டுகள் சிதறும். பாத்திரத்தின் திறன் வளர வளரச் சிதறல் குறையும். ஒவ்வொரு குண்டும் பட்டதா, எதிரியின் கவசம் அதில் எவ்வளவைத் தாங்கியது என்பதை நிறுவனத்தின் சர்வர் தனித்தனியாக முடிவு செய்யும்.

எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போனதும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. பக்கத்து மேசையில் இருந்தவர், உன் நிரலை நான் ஒருமுறை பார்க்கட்டுமா என்று தன்மையாகத்தான் கேட்டார். தேவையில்லை, நானே சரிபார்த்துவிட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் வெளிச் சோதனை. இருபது பேர் தங்கள் வீட்டுக் கணினிகளில் விளையாடிப் பார்ப்பார்கள். எங்கள் குழுத் தலைவி, நாங்கள் சிஸ் என்று கூப்பிடுபவர், என் நிரந்தர வேலைக்கான கடிதம் தயாராகத் தன் டிராயரில் இருப்பதாகவும், சோதனை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகவும் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளே அம்மா கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டார்.

சோதனைக்கு முந்தின நாள் பெக்கோக்கில் எங்கள் வீட்டில் இருந்தேன். அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய், காட்டு என்றாள் அக்கா. நான் படிப்பதற்காக அவள் வாங்கிக் கொடுத்த லேப்டாப் இப்போது அவள் நாடகம் பார்க்க உதவிக்கொண்டிருந்தது. அதில் விளையாட்டை ஏற்றி, துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டுக் காட்டினேன்; சுடச் சுடத் திரையில் புகை எழும்பியது. அக்கா திரையை அதிகம் பார்க்கவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பொக வந்தா ஏன்டி சத்தம் மெதுவாகுது?"

"பழைய லேப்டாப்புக்கா. படம் போடவே தெணறுது."

"படம் தெணறட்டும். துப்பாக்கி ஏன் தெணறுது? என் லைன்ல லைட்டு மங்குனா மெஷினும் மெதுவா ஓடுமா?"

சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நான் எழுதியது நினைவுக்கு வந்தது.

திரையில் படம் ஒவ்வொரு முறை மாறுவதும் ஒரு பிரேம். எங்கள் அலுவலகக் கணினிகள் எல்லாம் ஒரே மாதிரி, நொடிக்கு அறுபது பிரேம். அதனால் ஆறு பிரேமுக்கு ஒரு குண்டு என்று எழுதியிருந்தேன். அறுபதுக்குப் பத்து, கணக்குச் சரி. ஆனால் புகை எழும்போது அக்காவின் லேப்டாப்பில் நொடிக்கு இருபது பிரேம்தான் வந்தது. அதாவது மூன்று குண்டுகள்தான் போயின. வீட்டில் நல்ல கணினி வைத்திருக்கும் ஒருவருக்கு நூற்றெண்பது பிரேம் வரும். அவர் துப்பாக்கி நொடிக்கு முப்பது குண்டுகள் கக்கும். நான் கடிகாரத்தை நம்பாமல் கணினியின் பலத்தை நம்பியிருந்தேன். பாத்திரத்தின் திறமைக்கு அங்கே வேலையே இல்லை.

"என்னடி மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? ரோசாக்கா?" என்றாள் அக்கா. பழுதா என்று மலாயில் லேப்டாப்பைப் பற்றித்தான் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

சாயங்கால ரயிலில் சிஸ்ஸுக்குச் செய்தி எழுதினேன், அழித்தேன். குளுவாங் ஸ்டேஷன் வருவதற்குள் நான்கு முறை. ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருக்க, என் மனசில் அந்த டிராயர் மட்டும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் திருத்தவும் வழியில்லை. சோதனைக்கான பதிப்பு வெள்ளிக்கிழமையே இருபது பேருக்கும் போயாகிவிட்டது. ஒருவேளை இருபது பேருடைய கணினியும் ஒரே மாதிரி இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நானே நம்பவில்லை.

திங்கட்கிழமை காலையில் சிஸ் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பதினொரு மணிக்கு அவர் மேசை வரைக்கும் போய், ஸ்டேப்ளர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மத்தியானம் வாங்கி வைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு இருபது பேரும் தங்கள் வீடுகளிலிருந்து விளையாட்டுக்குள் வந்தார்கள்; நாங்கள் அலுவலகத் திரைகளில் பார்த்துக்கொண்டிருந்தோம். இரும்புத் தோல் போர்த்த ஒரு பெரிய காட்டுப்பன்றியை அவர்கள் எல்லாரும் சேர்ந்து பத்து நிமிடம் போராடிக் கொல்ல வேண்டும். ஒருவருடைய துப்பாக்கி துணி கிழிவதுபோல் இரைந்தது. ஒரே நிமிடத்தில் பன்றியின் உயிரில் மற்றவர்களைவிட மூன்று மடங்கை அவர் ஒருவரே குறைத்துவிட்டார். அலுவலகத்தில் யாரோ, இவன் பெரிய ஆளு லா என்றார்கள்.

இன்னொருவருடைய துப்பாக்கி டக், டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. பன்றி அந்தப் பாத்திரத்தை மூன்று முறை மிதித்துக் கொன்றது. அரட்டைப் பெட்டியில் மற்றவர்கள், பட்டனைப் பிடிக்கத் தெரியாதா, தூங்குகிறாயா என்று கேலி செய்தார்கள். ஒருவர் குழுவை விட்டே போகச் சொன்னார். அந்த ஆள் மலாயில் பதில் எழுதினார்: மன்னிக்கவும், தவறு என்னுடையதுதான், எனக்கு இது சரியாக வரவில்லை.

அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு, அக்கா கொடுத்த லேப்டாப் மற்றவர்களுடையதைவிட மெதுவாக ஓடியபோது அதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். எழுந்து போனேன். சிஸ்ஸின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ், டெஸ்ட்ட நிறுத்துங்க. துப்பாக்கி கணக்கு தப்பு. நான் எழுதுனதுதான் தப்பு."

காரணத்தைச் சொன்னேன். திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு திரும்பினார்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

இப்போதுதான் கவனித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நேத்து மத்தியானம், சிஸ்."

சிஸ் சத்தத்தை உயர்த்தாமல் சொன்னார்: "தப்பு யாருக்கும் வரும். காலையில என்கிட்ட ஸ்டேப்ளர் வாங்க வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல? இருபது பேர உக்கார வச்சிருக்க மாட்டேன்."

"லெட்டர் போயிடும்னு பயம்."

"இன்னிக்குப் போயிடுச்சுதான். கையெழுத்துப் போட மாட்டேன். போயி சரி பண்ணு. பக்கத்துல அவரையும் உக்கார வச்சுக்க."

பார்க்க வேண்டாம் என்று நான் மறுத்த பக்கத்து மேசைக்காரரைத்தான் சொன்னார். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார், ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இனி விளையாடுபவரின் கணினி, பட்டன் எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்று மட்டும் சொல்லும். இடையில் எத்தனை குண்டு போனது என்பதைச் சர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் என்று மாற்றி எழுதினோம். என் எழுத்தில் அவர் இன்னும் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தார்.

ஐந்து மணிக்குப் புதிய பதிப்போடு மறுபடி கூப்பிட்டோம். பதினேழு பேர்தான் வந்தார்கள். மன்னிப்புக் கேட்டவர் வந்திருந்தார். புகையில் அவர் படம் திணறியது, துப்பாக்கி திணறவில்லை. பன்றி சாகப் பதினொரு நிமிடம் ஆனது.

சண்டை நடக்கும்போதே நான் அக்காவுக்குப் போன் போட்டு, அந்த ஆளின் துப்பாக்கிச் சத்தம் வரும் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்திருந்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

"இப்ப சமமா ஓடுது," என்றாள். "லெட்டர் குடுத்தாங்களா?"

"இல்லக்கா. எப்ப குடுப்பாங்கன்னும் தெரியல."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றாள். பின்னால் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சிஸ் டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு எட்டரைக்கு வந்துவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.