பனிவண்டிச் சாரதி

வண்டியை நிறுத்தியதும் சென்னகிருஷ்ணன் வலது காலின் செருப்பைக் கழற்றுவார். வெறும் பாதத்தைத் தார்ச்சாலையில் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். சூடு பொறுக்காமல் காலை எடுத்த பிறகு மறுபடி ஏறி, வண்டியை முன்னும் பின்னும் நகர்த்துவார். அதன் நிழல் பட்டறை வாசலில் படுத்திருக்கும் தெருநாய்களின் மேல் விழும்வரை விடமாட்டார். சரக்கு ஏற்றுகிறவர்கள் வெயிலில் நின்று கத்துவார்கள்.

"ஏனுங்ணா, நாய்க்கு நெழலு, எங்களுக்கு வெயிலுங்களா?"

"நீங்க செருப்புப் போட்டிருக்கறீங்கல்லொ. அதுகளுக்கும் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுவுடுங்க, வண்டிய நவுத்திக்கறேன்."

கணபதியில் பம்ப் மோட்டார் செய்கிற எங்கள் பட்டறைக்குச் 'சின்ன யானை' என்கிற குட்டிச் சரக்குவண்டி ஓட்டி வருகிறவர் அவர். நான் அங்கே பில் போடுகிறவன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் என்னிடம் அவர் நிறையப் பேசுவார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை, எந்நேரமும் சிவந்த கண். கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதை கூடும். சாதாரணமாக 'நீ', கொஞ்சம் சூடானால் 'நீங்க', அதற்கு மேல் போனால் சொல்லுக்குச் சொல் 'ங்க'. ஒருமுறை போக்குவரத்துக் காவலர் ஒருவரிடம், "நீங்க மனுசருங்களாங்க, இல்லீங்களாங்க?" என்று கேட்டார். காவலர் வண்டிக்கு வழிவிட்டார்.

ரேக்ளா பந்தயத்தில் காளை ஓட்டிக்கொண்டிருந்தவர். பைபாஸ் ஓரத்தில் குளிர்கொட்டகை கட்டி, உள்ளே பனி கொட்டி, டிக்கெட் போட்டு நடத்தினார்கள் ஒரு கம்பெனிக்காரர்கள். அங்கே குழந்தைகளை உட்காரவைத்துச் சறுக்குவண்டி இழுக்க நான்கு குளிர்தேச ஹஸ்கி நாய்கள் வந்தன. நாயைப் பழக்க ஆள் தேடிய மேனேஜர் ஒரு பந்தயத்தில் இவரைப் பார்த்துவிட்டு, "மாடு ஓட்டறவருக்கு நாய் என்ன பெரிசு?" என்று கூட்டிக்கொண்டு போனார். இவரும் அப்படித்தான் நினைத்தார். இலேசான நுகத்தடி ஒன்றைச் செய்து கழுத்தில் வைத்தார். நான்கும் பனியில் உட்கார்ந்து இவரைப் பார்த்தனவாம்.

"மாடு கழுத்துல இழுக்கும் கண்ணு, நாய் நெஞ்சுல இழுக்கும். அதுங்க ஒக்காந்தப்பறந்தான் எனக்கு ஒறச்சுது."

மனைவி பங்காரம்மா பழைய சீட் பெல்ட்டுகளில் பஞ்சு வைத்து மார்ப்பட்டை தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு ஓடின.

அறிவிப்புப் பலகையில் கம்பெனி வைத்த பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. மாட்டுக்கு வைப்பதுபோல நிறம் பார்த்து வைத்தார்: மயிலை, செவலை, காரி. மயிலை கள்ளன். கயிறு தொய்யாத அளவுக்கு மட்டும் ஓடுவான். பாரத்தை மற்றவை இழுக்கும். "கவருமெண்டு உத்தியோகத்துக்குப் போயிருக்க வேண்டியவன்." செவலைக்குப் பாட்டு நின்றால் ஆகாது, கொட்டகையில் ஒலிபெருக்கி ஓய்ந்ததும் மூக்கைத் தூக்கி ஊளையிட்டு மீதியைப் பாடி முடிக்கும். நான்காவது பெண் நாய், பெயர் வாத்தியாரம்மா. மயிலை ஏமாற்றுவதை அவள் ஒருத்திதான் கண்டுபிடிப்பாள், ஓட்டத்திலேயே திரும்பிக் காதைக் கடிப்பாள். காரிக்கு ஒரு குணம். வண்டியில் இருக்கிற குழந்தை அழுதால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பின்னால் வரிசை நிற்கிறது, மேனேஜர் விசிலடிக்கிறார், அது அசையாது. குழந்தையை இறக்கினால்தான் அடுத்த அடி.

"அந்த நாய்க்கிருந்த அறிவு அந்த மேனேஜருக்கு இல்லீங்க," என்பார். மரியாதை வந்துவிட்டதல்லவா, அதற்கு மேல் கேட்கக்கூடாது. ஆனால் அவரே சொல்வார். கூட்டம் குறைந்ததும் கொட்டகைக்கு மின்சாரம் நின்றது. பனி உருகி வாய்க்காலில் ஓடியது. சித்திரை வெயிலில் நாய்களை ஜெனரேட்டர் அறையில் அடைத்துவிட்டு, இவரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார். நான்கும் நல்ல இடத்துக்குப் போய்விட்டன என்றாராம் மேனேஜர். "நல்ல எடமாமுங்க! எந்த எடமுங்க? நீங்க போயி ஒரு நாளு இருந்து பாருங்களேனுங்க!" இதைச் சொல்லும்போது ஸ்டீயரிங்கை அடிப்பார். ஹாரன் தானாக அலறும்.

இந்தப் பங்குனியில் சரவணம்பட்டியில் ஒரு வீட்டுக்கு மோட்டார் கொண்டுபோனோம். இறக்கிக்கொண்டிருந்தபோது மொட்டைமாடியிலிருந்து ஓர் ஊளை. மேலே தண்ணீர்த் தொட்டியோடு சங்கிலியில் கட்டப்பட்டு, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ஹஸ்கி. தொட்டியின் நிழல் அதை விட்டு எப்போதோ விலகியிருந்தது. சென்னகிருஷ்ணன் நெற்றிக்குக் கைவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"காரி," என்றார். "அது என்ற காரிங்க."

வீட்டுக்காரர் கிருபாசங்கர், மனை விற்கிறவர். "ஃப்ரெண்ட் கிஃப்டாக் குடுத்ததுங்க. அதெல்லாம் வெயிலுக்குப் பழகிப்போச்சு."

"பழகிப்போச்சுங்களா? அந்தக் கம்பளிய நீங்க போட்டுட்டு மேல போயி நில்லுங்க சார். நான் உங்களுக்குக் கிண்ணத்துல தண்ணி வெக்கறனுங்க."

"யோவ், மரியாதையாப் பேசு!"

"மரியாதையாத்தானுங்க பேசறேன்! இந்த நாயி எத்தனை கொழந்தைங்களச் சொமந்திருக்குதுங்க, தெரியுங்களா? கொழந்தை அழுதா நிக்கிற சாதிங்க இது. நீங்க எந்த ரகமுங்க, இது அழுவறது காதுல உழுவலீங்களா?"

மாடியைப் பார்த்து, "காரி! காரி!" என்று கூப்பிட்டார். நாய் திரும்பவில்லை. "கோவமுங்க அதுக்கு, என் மேல," என்று தெருவுக்கே சொன்னார். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்துகொண்டன. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, "ஒரு மாசமாச் சொல்றேன், கேக்கறாங்களா பாருங்கண்ணா," என்றபடி செல்போனை உயர்த்தினாள். கிருபாசங்கர் அந்தப் போனைப் பார்த்தார். பிறகு மாடிச் சாவியை எடுத்துத் தரையில் வீசினார். "கூட்டிட்டுப் போய்த் தொலைங்க. ஊடு பூரா மசுரு."

சென்னகிருஷ்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நாய் அவர் தோளில் கிடந்தது. வண்டியில் ஈரச்சாக்கை விரித்தேன். பாதங்கள் வெந்து தோல் உரிந்திருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடிகரையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் லோடு எடுக்கப் போயிருந்தார். வீட்டிலிருந்த ஒரே ஏர்கூலர் நாயின் பக்கம் திரும்பியிருந்தது. பங்காரம்மா வாளியில் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார்.

"காரி இப்பத் தேவலைங்களாக்கா?" என்றேன்.

அவர் சாக்கைப் பிழிவதை நிறுத்தினார். "காரியா? அது அந்த ஜெனரேட்டர் ரூம்லயே செத்துப்போச்சே கண்ணு. செவுரேறிக் குதிச்சு, இவருதான் தூக்கிட்டு வந்தாரு. உனக்குச் சொல்லலையா?"

"அப்ப இது?"

"யாரூட்டு நாயோ. என்ன பேரு வெக்கிறதுன்னுதான் நாலு நாளா யோசிச்சிட்டிருக்கறாரு."

முகவாயை உயர்த்திக் கிணற்றடி எலுமிச்சையைக் காட்டினார். "காரிய அதுக்கடியிலதான் பொதச்சாரு." பிறகு குனிந்து, ஈரச்சாக்கை நாயின் வயிற்றடியில் மெல்லத் தள்ளினார்.