நான்காவது கிளிப்

வீட்டுக்குள் கடலை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குப் பாசி சுரண்டி, உப்புக் கரைத்து, செத்த மீனுக்குக் காரணம் சொல்வதுதான் என் தொழில். இருப்பது திருமழிசை. பைக்கில் தண்ணீர் கேன்களைக் கட்டிக்கொண்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சுற்றுகிறேன். முதல் இரண்டு வேலைகளை எப்படிச் செய்தாலும் யாரும் கவனிப்பதில்லை. காரணம் சொல்வதில்தான் இந்தத் தொழிலில் ஆள் நிற்பதும் போவதும். அப்படி ஒரு காரணத்தை நான் பொய்யாகச் சொல்லி மாட்டிக்கொண்டதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ராஸ் மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதை வளர்த்து நொந்துபோனவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள்.

ராஸ் விரல் நீளம்தான் இருக்கும். அதன் உடம்பில் இல்லாத வர்ணம் கிடையாது. எங்களைப் படுத்துகிற வகைக்கு இரண்டு குணம். சாயங்காலம் லைட் அணைவதற்கு முன்பே தொட்டி மணலுக்குள் புகுந்து தூங்கிவிடும். பயந்தால் துள்ளித் தொட்டிக்கு வெளியே விழும். என் துக்கமெல்லாம் இந்த இரண்டிலேயே அடங்கிவிடும்.

குழம்புக் கரண்டி

அம்பத்தூரில் ஒரு பிளாட். கோயம்புத்தூர்க்காரர், ஐடியில் வேலை. புதிதாக ஒரு மஞ்சள் ராஸ் வாங்கினார். எங்கேயோ தூரத்துக் கடலில் பிடித்து வந்த மீன், நம் ஊர்ப் பகல் எது, ராத்திரி எது என்று அதற்குப் புரியவே நாளாகும். விட்டவுடன் மணலுக்குள் போய்விட்டது. "தூங்குது சார், பத்து நாள் ஆகலாம், கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு நான் சொன்னது முழு உண்மை.

நான்காம் நாள் போன் வந்தது. மனிதர் பொறுக்க மாட்டாமல் குழம்புக் கரண்டியால் மணலைக் கிண்டிவிட்டிருந்தார். அடியில் தேங்கிக் கிடந்த அழுக்கு மொத்தமும் கிளம்பி, தண்ணீர் சாம்பல் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் ராஸோடு சேர்ந்து, அதுவரை நன்றாக இருந்த இரண்டு க்ளவுன் மீன்களும் பக்கவாட்டில் மிதந்தன. அவர் சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கரண்டி இன்னும் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும், "உசுரோட இருக்குதான்னு பாக்கத்தானுங்க தோண்டுனேன்" என்றார்.

பால் காய்ச்சிய வீடு

ராஸ் இருக்கிற தொட்டியை வலை போட்டு மூடியே ஆகவேண்டும். மெல்லிய சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, நான்கு மூலைக்கும் ஒவ்வொரு கிளிப். ஆவடியில் புது வீடு கட்டிய ஒரு அம்மா, கிரகப்பிரவேசத்தன்று போட்டோவில் வலை அசிங்கமாகத் தெரிகிறது என்று அதை எடுத்து மாடியில் வைத்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். மீன் எப்போது துள்ளியது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் நான் போனபோது, மிச்சமிருந்த தாம்பூலப் பைகளுக்குப் பின்னால் அது காய்ந்து கிடந்தது. வர்ணமெல்லாம் போய் வேப்பங்குச்சி மாதிரி இருந்தது. முன்னாடியே சொன்னேனேம்மா என்று மெதுவாக ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்கு மீன் போனதில் கவலை இல்லை, கவலை வேறு பக்கம். என்ன ஜென்மம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வலையைத் திரும்ப மாட்டினேன். வாசல் வரை பின்னாலேயே வந்து சொன்னார். "மீனு போனா போவுதுப்பா. பால் காய்ச்சுன அன்னிக்கே ஊட்ல ஒண்ணு செத்துச்சுன்னு யார் கைலயும் சொல்லிக்கினு திரியாத."

ஹாலில் போட்ட கட்டில்

பூந்தமல்லியிலிருந்து குத்தம்பாக்கம் போகிற வழியில் தேவராஜ் அண்ணன் வீடு. லாரி ஷெட் வைத்திருந்தவர். லாரி மேலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதில், இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. ஷெட்டை இப்போது அவர் மனைவி காஞ்சனா அக்கா பார்த்துக்கொள்கிறார். கட்டிலை ஹாலில், மீன் தொட்டிக்கு எதிரிலேயே போட்டிருந்தார்கள். பகல் முழுக்க அண்ணன் தனியாகத்தான் படுத்திருப்பார்.

தொட்டியில் கொஞ்சம் பவளம், இரண்டு க்ளவுன், பச்சையில் ரோஸ் கோடு போட்ட ஒரு ராஸ். நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் அவரே வாங்கி விட்டது. வந்தபோது பெட்டை. தொட்டியிலேயே வளர்ந்து ஆணாக மாறி, நிறம் ஏறியது. ராஸ் அப்படித்தான். காலையில் லைட் எரிந்து கொஞ்ச நேரத்தில் மணலை விலக்கிக்கொண்டு மூக்கை நீட்டும். அதைப் பார்க்கிற வரை அண்ணன் காபியைத் தொடமாட்டார். விழுந்ததிலிருந்து அவருக்கு ஒரு நாள் தொடங்குவதே அப்படித்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அக்காவே என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "அது வெளிய வந்தாத்தான் இந்த மன்சன் வாயத் தொறக்குறாரு. அத்த மட்டும் நல்லா பாத்துக்கோ சேகரு."

மூன்று கிளிப்

வியாழக்கிழமைதான் அந்த வீட்டு சர்வீஸ். அன்றைக்குத் தண்ணீர் மாற்றி, கண்ணாடி துடைத்து, வலையை வைத்து மூன்று கிளிப் போட்டுவிட்டேன். நான்காவதைக் கையில் எடுக்கும்போது இன்னொரு வீட்டிலிருந்து போன். மோட்டார் ஓடவில்லை, உடனே வா என்றார்கள். கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "அப்டியே என் போனை சார்ஜ்ல போட்டுட்டுப் போ நைனா" என்றார் அண்ணன். டிவி பக்கத்தில் சொருகிவிட்டு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து, ராஸைக் காணோம் என்று அக்கா கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் காய்ந்து கிடந்தது. மேலே வலையின் ஒரு மூலை விரல் அகலம் தூக்கிக்கொண்டிருந்தது. கிளிப் அப்போதுதான் ஞாபகம் வந்தது, துவைக்கப் போட்ட சட்டையில் இருந்தது. அண்ணன் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனைக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் தள்ளினேன். எழுந்து நின்று, கோயம்புத்தூர்க்காரரிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன். தண்ணி மாத்துனதுல பயந்து மண்ணுக்குள்ள போயிருக்குண்ணே, தூங்குது, பத்து நாள் ஆகலாம், கை வைக்காதீங்க. அவர் "சரி நைனா, தூங்கட்டும்" என்றார்.

டீக்கடை

கடல் மீனை ஏரித் தண்ணீரில் வீச மனசு வரவில்லை. செம்பரம்பாக்கம் கரையில் குச்சியால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன். என்னை மாதிரியே தொட்டி வேலைக்குச் சுற்றுகிற பாஷாவிடம் அன்றைக்கு டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு திட்டுத் திட்டுவான், மனசு லேசாகும் என்று நினைத்தேன். அவன் திட்டவே இல்லை. டீயை ஊதிக்கொண்டே, "மண்ணு போட்ட தொட்டில மீனு எங்க மாமே சாவுது, தூங்கிகினுதான் கீது" என்றான்.

இன்னும் தூங்குதா

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் கேனை இறக்குவதற்குள் அண்ணன் கேட்டுவிடுவார், இன்னும் தூங்குதா என்று. தூங்குதுண்ணே என்பேன். பத்து நாள் போய் இருபது நாள் ஆனது. அதே மாதிரி வேறொன்று வாங்கி விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அந்த நிறம் ஏறுவதற்கு வருஷக்கணக்கில் ஆகும், அவர் கண்ணை ஏமாற்ற முடியாது. ஒருநாள் காலையிலேயே போயிருந்தேன். தொடாத காபியை அக்கா ஆறிய பிறகு எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஆவடி அம்மாவை அவ்வளவு திட்டினேன், அவராவது வெளியேதான் சொல்லாதே என்றார். நான் மீனுக்கு உடையவரிடமே சொல்லவில்லை.

ஆறாவது வாரம், அக்கா ஷெட்டுக்குக் கிளம்பிய பிறகு, தொட்டிப் பக்கம் போகாமல் கட்டில் ஓரமாக நின்றேன். சொல்லிவிடத்தான் நின்றேன், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. அவர் முந்திக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"நாலாவது கிளிப் போடலன்னு அன்னிக்கே கூப்ட்டேன். உன் வண்டி கெளம்பிடுச்சு. போனு டிவியாண்ட கெடந்துச்சு. நீ போயி அரை மணி நேரத்துல குதிச்சுது. தோ, இங்க, கைக்கு எட்டாத தூரத்துல துடிச்சுகினே ஸ்டாண்டு பின்னால போச்சு. உங்க அக்கா கைல சொன்னா உன்ன உள்ளயே வுடமாட்டா, அதான் சொல்லல. கிளிப்பு யாரு வேணா மறப்பான் நைனா. நீயா சொல்லுவேன்னுதான் ஆறு வாரமா உன் மூஞ்சியவே பாத்துகினு கீறேன்."

அந்தத் தொட்டியில் இப்போது குதிக்கிற மீனே கிடையாது, இருந்தாலும் வியாழக்கிழமை தோறும் நான்கு கிளிப்பையும் அவர் காதில் விழும்படி எண்ணிப் போட்டுவிட்டுத்தான் வருகிறேன், தொழில் சுத்தம் என்பது இதுதான் போலிருக்கிறது.