விராலிமலைக் கிணற்றுத் தண்ணீர்

நீல நிற மங்குத் தூக்குவாளி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. மூடியோரத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்துவிட்டது. என் மனைவி சீராகக் கொண்டுவந்த சாமான்களில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

எங்களுடையது திருமயத்துக்கு அருகே ஒரு வணிகக் குடும்பம். பர்மாவில் போட்டிருந்த முதலெல்லாம் போரோடு போயிற்று. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் இருந்தவை பெரிய வீடும், உள்ளறை நிறைய அவளுடைய சீர்ப் பாத்திரங்களும், என் பி.ஏ. பட்டமும். ஆண்டுக்கு ஒருமுறை, தை பிறக்கும் முன், அவள் பாத்திரங்களைத் துலக்கி முற்றத்து வெயிலில் பரப்புவாள். பித்தளையின் ஒளி உத்திரங்களில் நீர்போல அசையும். அதைப் பார்த்தபடி படுத்திருந்தால் நான் இன்னும் பணக்காரன்தான் என்று தோன்றும். கண்கள் தாமாக மூடிக்கொள்ளும்.

அப்படி ஒரு நாள் நான் மயங்கிக் கிடந்தபோது, தன் தம்பியோடு விராலிமலை போயிருந்தவள் திரும்பி வந்தாள். அங்கே மெயின் ரோட்டை ஒட்டி, கிணற்றோடு மூன்று ஏக்கர் விலைக்கு வந்திருந்தது. தூக்கை என் முன் வைத்தாள்.

“அந்தக் கெணத்துத் தண்ணிங்க. குடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்.”

“இம்புட்டுத் தூரம் தண்ணி சுமந்தியாக்கும். எதை வித்து வாங்கப் போற?”

“உள்ளறையில பாதியை. அது வருசத்துக்கு ஒரு நாள் வெயில் காயத்தானே இருக்கு. கெணறு தெனம் ஊறும்ல. நம்ம பய காலேஜு போறப்ப ஒதவுங்க.”

“சீர் சாமானை வித்த வீடுன்னு ஊரு சிரிக்கவா? அங்கிட்டெல்லாம் தண்ணி உப்புக் கரிக்கும்.”

குடித்துப் பார்க்காமலே சொன்னேன். தூக்கை முற்றத்தில் கவிழ்த்தேன். அவள் அதைத் துடைத்து எடுத்து வைத்தாள்.

ஊருக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மை. பொருளாதாரம் படித்த எனக்கு, ஐந்தாவது படித்தவள் யோசனை சொன்னது பொறுக்கவில்லை. பாத்திரம் அவளுடையது. மரியாதைக்காகக் கேட்டாள். நான் அதை என் அதிகாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

அறுபதுகளில் மகனுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. அப்போதும் பணம் கட்ட அந்த அறையை நான் திறக்க விடவில்லை. அவன் சென்னையில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போனான். அவள் காலமான பிறகு, ஓடு மாற்றுவதற்காக அத்தனையையும் எடைக்குப் போட்டேன். எவர்சில்வர் வந்துவிட்ட காலம், கேட்ட விலைக்குக் கொடுத்தேன். மங்கு எடைக்கு ஆகாது என்று வியாபாரி தூக்கை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போனார்.

போன மாதம் அதை எடுத்துக்கொண்டு விராலிமலையில் இறங்கினேன். விசாரித்துக் கண்டுபிடித்த அந்த நிலத்தில் தென்னைகள் நிற்கின்றன. ரோட்டோரமாகச் சாப்பாட்டுக் கடை, லாரிகள். கிணறு இன்னும் இருக்கிறது. “எங்கிட்டிருந்து வாரீங்க தாத்தா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் மோட்டாரைப் போட்டுத் தூக்கை நிறைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, முற்றத்து வெயிலில் உட்கார்ந்து குடித்தேன். துளிகூட உப்புக் கரிக்கவில்லை.