கனம் பார்த்து வாங்குகிறவர்

கடைக்குள் கால் வைத்தால் வீரகத்தியர் விலையும் கேட்பதில்லை, விபரமும் கேட்பதில்லை. முதலில் தூக்கிப் பார்ப்பார். மண்வெட்டியானாலும் சரி, மணிக்கூடானாலும் சரி, அவருக்கு ஒரே முறைதான். இரண்டு கையாலும் நெஞ்சளவுக்கு உயர்த்தி, கண்ணை மூடி, மெல்ல ஒரு குலுக்குக் குலுக்குவார். பிடிக்காவிட்டால், "இதுக்குள்ள ஒண்டுமில்லைத் தம்பி, காத்தைத்தான் அடைச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறக்கி வைப்பார். மகளைப் பெண் பார்க்க வந்த குகதாசனின் தோளிலும் கையைப் போட்டு ஒருதரம் அமத்திப் பார்த்து, "ஓம், காத்துக்குப் பறக்காது" என்று சபையில் சொன்ன மனுசன் அவர்.

அன்றைக்கு வவுனியாவில் ஸுஹைரின் கடை மேசையிலிருந்து அவர் தூக்கியது ஒரு டிவிடி ரெக்கோடர். ஒரு வாயில் பழைய வீடியோக் கசெற்றைக் கொடுத்தால், மற்ற வாயில் அதை இறுவட்டில் பதிந்து தருகிற இயந்திரம்.

"உருவம் பெட்டி மாதிரி, கனம் அப்பளம் மாதிரி. வேற எடும்."

"அப்பு, இப்ப வாற சாமான் எல்லாம் இப்பிடித்தான். கனத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை" என்றார் ஸுஹைர்.

"ஆர் சொன்னது? உருத்திரபுரத்துக்கு வந்து இந்த வீரகத்தியின்ர தண்ணி மெஷினைத் தூக்கிப் பாரும். முதுகு முறியும். இண்டைக்கும் இறைக்குது."

'இந்த வீரகத்தி' என்று தன்னையே தள்ளி நின்று பார்த்துச் சொல்வதில் அவருக்கு ஒரு தனிச் சுகம். சொல்லட்டுமே. மீசை அரும்பாத வயதில் வடமராட்சியிலிருந்து ஒரு கத்தியும் ஒரு சாக்குமாக வந்து, இரணைமடுத் தண்ணீர் பாயும் குடியேற்றத்தில் காடு வெட்டி வயலாக்கியவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. "நாலாம் வகுப்புக்குப் போயிருந்தால் கிளாக்கராப் போய்க் கெட்டிருப்பன்" என்பார். இன்றைக்கு வயல், உழவு இயந்திரம், நெல்லுக் குத்துகிற சிறிய மில், கல்வீடு. சண்டையில் வீடு ஒருதரம் தரைமட்டமானது. திரும்பி வந்து அதே அத்திவாரத்தில் தானே கட்டினார். "முதல் கட்டினது பழகிறதுக்கு. இதுதான் வீடு" என்று அதற்கும் ஒரு பெருமை.

மண்வெட்டி பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துவிட்டது. அதில் சூடு உறைக்காது. ஆகவே எந்த இயந்திரத்தின் சூட்டையும் கன்னத்தை வைத்துத்தான் அறிவார். ஓடுகிற மோட்டரின் முதுகில் கன்னத்தைச் சாய்த்து, சினைமாட்டின் வயிற்றில் காது வைத்தவர் போல அவர் நிற்பதைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. அவர் கவனிப்பதில்லை.

இந்த வயதில் இந்த இயந்திரத்துக்கு அவர் அலைவதற்குக் காரணம் மகள் பிரஷாந்தினி. இடம்பெயர்ந்து துணுக்காயில் இருந்த காலத்தில், அங்கே ஒரு கோயிலில்தான் அவளுக்கும் குகதாசனுக்கும் கலியாணம் நடந்தது. எதற்கும் தட்டுப்பாடான நேரம். எங்கெங்கோ விசாரித்துக் கிடைத்தது ஒரேயொரு வீடியோக் கசெற். முழுக் கலியாணமும் அதற்குள்தான், பிரதி இல்லை. பிறகு மாப்பிள்ளை வெளிநாடு போய்ச் சேர்ந்தார். சண்டை நின்று பாதை திறந்ததும் மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்தார். பதிவுப் பத்திரமும் படங்களும் போதாது, கலியாணம் நடந்ததைக் காட்டுங்கள் என்று விசா அதிகாரிகள் கேட்டார்கள். கசெற் வேண்டாம், இறுவட்டில் தாருங்கள் என்றார்கள்.

ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தார்கள். ஸ்ரூடியோக்காரர் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். மணமகள் தாமரைப்பூவுக்குள்ளிருந்து எழும்பினாள். மாப்பிள்ளை ஒரு இதயத்துக்குள் நின்று சுழன்றார். மேளத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டுப் போட்டிருந்தது. தாலி கட்டுகிற இடத்தில் இரண்டு வெள்ளைப் புறாக்கள் பறந்து வந்து தாலியையே மறைத்தன. வீரகத்தியரின் மனைவி கமலாசனி அதை அயலுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதையே அனுப்பினார்கள். 'இது வெட்டி ஒட்டிய படம். கைவைக்காத முழுப் பதிவு வேண்டும். இதற்குமேல் அவகாசம் தரமாட்டோம்' என்று பதில் வந்தது.

பிரஷாந்தினி அன்று சாப்பிடவில்லை. வீரகத்தியர் சாப்பிட்டார், சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "இனி ஒருதனும் என்ர பிள்ளையின்ர கலியாணத்திலை கை வைக்கேலாது. மெஷினை நான் வாங்கிறன், நானே பதியிறன். ஆர் பதிஞ்சது எண்டு கேட்டால் தேப்பன் எண்டு எழுதுங்கோ" என்றார்.

வவுனியாவுக்கு வரும்போது தன் வீட்டு ஜெனரேற்றரையும் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அதை இறக்கி ஏற்றவேண்டி வந்ததில் கொண்டக்டருக்குக் கோபம்.

"அப்பு, ஜெனரேற்றரை வவுனியாவுக்கு ஏன் காவுறியள்?"

"பொம்பிளை பாக்கப் போறன் தம்பி. மாப்பிளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் எப்பிடி?"

ஸுஹைருக்கும் அதே ஆச்சரியம்தான். "அப்பு, என்ர கடையிலை கரண்ட் இருக்கு."

"உம்மட கரண்டிலை எல்லா மெஷினும் ஓடும். எங்கட ஊரிலை ஏது கரண்ட்? என்ர ஜெனரேற்றர் இடைக்கிடை இருமும். அந்த இருமலைத் தாங்கிறதுதான் எனக்கு வேணும். வயரை இழும்."

கடை வாசலில் ஜெனரேற்றர் உறுமத் தொடங்கியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த அப்பளத்தை ஒதுக்கிவிட்டு ஸுஹைர் முதலில் கொழுவியது வேறொரு இயந்திரம், கண்ணாடி போல மினுங்கியது. ஜெனரேற்றர் ஒருதரம் இருமியதும் அதன் விளக்குகள் அணைந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கியது.

"பாத்தீரோ? மாப்பிளை இருமினவுடன பொம்பிளை மயங்கி விழுந்திட்டாள். எடும் அதை."

இரண்டாவது, கறுப்பு நிறம். தூக்கியவுடனேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது சாமான்!" ஜெனரேற்றரின் இருமலுக்கும் அது அசையவில்லை. கன்னத்தை வைத்துப் பார்த்தார், இளஞ்சூடு. வந்த நேரத்திலிருந்து தோள்பையை விட்டு வெளியே எடுக்காத கசெற்றை அப்போதுதான் நீட்டினார். திரையில் கலியாணம் வரவில்லை. வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன.

"மெஷின் பிழை" என்றார் வீரகத்தியர்.

"மெஷின் பிழையில்லை, அப்பு."

"ஸ்ரூடியோவிலை ஓடினது. பிறகு கொண்டுவந்து கவனமா வைச்சிருந்தனான். என்ர கசெற்றிலை பிழை வராது."

ஸுஹைர் கசெற்றை வெளியே எடுத்து, அதன் மூடியை விரலால் நிமிர்த்தி, மேசையில் மெல்லத் தட்டினார். இரண்டு பதர் விழுந்தது. பின்னால் கொஞ்சம் உமித்தூள்.

"இதை எங்க வைச்சிருந்தனீங்கள்?"

வீரகத்தியர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "விதைநெல் மூட்டைக்குள்ள. எங்க ஓடினாலும் விதைநெல்லைத்தானே முதல் ஏத்துவம். வீடு போச்சு, மாடு போச்சு, விதைநெல் போகேல்லை. ஸ்ரூடியோக்காரன் தந்தவுடன திரும்பவும் அதுக்குள்ளதான் தாட்டனான்."

ஸுஹைர் சிரிக்கவில்லை. முல்லைத்தீவிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, பல ஊர் சுற்றி வவுனியாவில் கடை போட்டவர் அவர். "எங்கட கலியாணக் கசெற் முல்லைத்தீவு வீட்டு அலுமாரியோட போச்சு அப்பு. என்ர மனிசி றிஸானா இண்டைக்கும் அதைக் கேப்பா. உங்கடது பதரோட எண்டாலும் கையிலை கிடக்கு."

வீரகத்தியர் குனிந்து அந்த இரண்டு பதரையும் விரலால் ஒற்றி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி. பதர் தூத்திறது என்ர வேலை. நீர் நாடாவைச் சுத்தும்."

"வாயாலை ஊதாதேங்கோ அப்பு. எச்சில் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்."

"களத்திலை ஆர் வாயாலை ஊதிறது? அந்த மட்டையைத் தாரும்."

ஸுஹைர் கசெற்றின் மூடியைத் திறந்து பிடித்து, சில்லை விரலால் சிறிது சிறிதாகச் சுற்றினார். வீரகத்தியர் ரெக்கோடர் வந்த பெட்டியின் மூடியைக் கிழித்து, காற்று ஒரே பக்கமாக விழும்படி சாய்த்து வீசினார். உமித்தூள் மெல்லிய புகைபோல எழும்பி வாசல் பக்கம் போனது. அரைவாசியில் ஸுஹைரின் விரல் களைத்தது. வீரகத்தியரின் கை களைக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்குவதை மறந்து நின்றார்கள். பிறகு ஸுஹைர் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் இயந்திரத்தின் உள்ளே துடைத்துவிட்டுக் கசெற்றைப் போட்டார்.

கோயில் வந்தது. மேளம் வந்தது. ஒருதரம் படம் மடங்கிக் கிழிந்தது. அவ்வளவுதான், அந்தக் கனத்த கறுப்பு இயந்திரம் பதிவதை நிறுத்திக்கொண்டது. திரும்ப ஓட்டினார்கள், அதே இடத்தில் திரும்பவும் நிறுத்தியது.

"படம் கிழிஞ்சால் கசெற் முடிஞ்சுது எண்டு இது நினைக்குது" என்றார் ஸுஹைர். "நாடா தேஞ்சு போச்சு, அப்பு. இனி வீட்டை கொண்டுபோய் ஒருக்கா முழுசா ஓட்டலாம். பிறகு நான் பொறுப்பில்லை."

பிறகு ஸுஹைர், அப்பளம் என்று வீரகத்தியர் தள்ளிவிட்டதைக் கொழுவினார். ஜெனரேற்றர் இருமியது, அது அசையவில்லை. படம் கிழிந்தது, அது கிழிந்தபடியே பதிந்துகொண்டு போனது. வீரகத்தியர் கன்னத்தை வைத்துப் பார்த்தார். கறுப்பை ஒருதரம் பார்த்தார். கறுப்பைத் திரும்பவும் தூக்கிப் பார்த்து, பெருமூச்சோடு இறக்கி வைத்தார்.

"அப்பளத்தையே கட்டும். ஆனா இது கனமில்லை எண்டு நான் சொன்னதை மறக்காதையும்."

"கடைசியிலை இந்தப் பட்டனை அமத்தவேணும் அப்பு. இல்லாட்டி வேற மெஷினிலை ஓடாது. அது முடியுமட்டும் ஜெனரேற்றர் நிக்கக்கூடாது."

"சாக்கின்ர வாயைத் தைக்கிற மாதிரி. விளங்குது."

வீட்டில் அடுத்தநாள் பதிவு. ஜெனரேற்றருக்கு எண்ணெய் வழிய வழிய ஊற்றினார். நாயைத் தூரக் கட்டினார். எட்டிப் பார்க்க வந்த அயலட்டையைக் கேற்றடியிலேயே மறித்தார். மில்லை நிறுத்தி, தூசி படாமல் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்தார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, முழங்காலில் கையூன்றிக் காவல் இருந்தார்.

"நான் பிள்ளையைப் பெறேக்கை கூட இந்த மனுசன் இப்பிடிக் காவல் நிக்கேல்லை" என்றார் கமலாசனி.

"அப்ப நீ வேலையைச் சரியாச் செய்வாய் எண்டு எனக்குத் தெரியும். இது மெஷின். கதையாதை."

திரையில் துணுக்காய்க் கோயில். தறப்பாள் பந்தல். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்க, குகதாசன் எழும்பினார். கெட்டிமேளம் கொட்டியது. சரியாக அந்த இடத்தில் படம் மடங்கியது. மாப்பிள்ளையின் முகம் இரண்டாகப் பிளந்தது. பிரஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். வீரகத்தியர் திரையைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது. வெளியே ஜெனரேற்றர் இருமியது. விளக்கு எரிந்தது. படம் நிமிர்ந்தபோது, புறாவும் பூவும் இல்லாமல், அவள் கழுத்துக்குப் பின்னால் குகதாசனின் விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

கசெற் முடிந்ததும் பிரஷாந்தினி ஸுஹைர் சொன்ன பட்டனை அமத்தினாள். வீரகத்தியர் எழும்பிப் போய், அது முடியும்வரைக்கும் ஜெனரேற்றரின் பக்கத்தில் நின்றார். "முடிஞ்சுதப்பா" என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

இயந்திரத்தின் தட்டு வெளியே நீண்டது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இறுவட்டை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தார். பழக்கம் விடவில்லை: கண்ணை மூடி, கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி, மெல்ல ஒரு குலுக்கு.

"எப்பிடியப்பா, கனக்குதோ?" என்று பிரஷாந்தினி கேட்டாள்.

அவர் இடது கையில் கசெற்றை எடுத்தார். மில்லில் தராசு நிற்கிறது போல இரண்டு கைகளையும் மகளுக்கு முன்னால் சமமாக நீட்டினார். பிறகு, இறுவட்டு இருந்த கையை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்.