எஸ்தர் திருப்பிக் கொடுத்த வாக்குத்தத்தம்

எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் போய்வருவதெல்லாம் ஒரு பயணமா என்பீர்கள். அன்றைக்கு என்னோடு எஸ்தர் வந்தாள். அதனால் எழுதுகிறேன்.

எஸ்தர் எங்கள் பக்கத்து வீடு. எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வார்த்தை அது. எஸ்தர் வீட்டுக்கு அவள் மகள் ஷீபா எடுத்தாள். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுசு என்று வந்தது. எஸ்தர் அதை லேமினேஷன் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாள். மழைக்காலம் வருமுன் ஷீபா காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கத்தன்று ஆண்டவரிடம் "ஏன்?" என்று கேட்டு அழுதவளை எல்லாரும் வாயை மூடச் சொன்னார்கள். அதன்பிறகு எஸ்தர் கோயிலுக்கு வரவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் கதவைப் பூட்டும்போது வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். கையில் அந்த அட்டை.

"அக்கா, இத ஆண்டவர்கிட்டயே திருப்பிக் குடுக்கப் போறேன். இன்னிக்கும் யாராவது வாய மூடுன்னு சொன்னா, இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவளோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். வண்டலூர், பெருங்களத்தூர், அடுத்தது தாம்பரம். பெண்கள் பெட்டியில் எதிரே இருந்த அம்மாள், எஸ்தர் அழுவதைப் பார்த்து விசாரித்தார். நான்தான் மெதுவாகச் சொன்னேன்.

"அழக்கூடாது சிஸ்டர். எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லணும். கர்த்தர் காரணமில்லாம செய்யமாட்டாரு."

"அந்தக் காரணத்தக் கேக்கத்தாம்மா போறேன். நடுவுல நீங்க எதுக்கு பதில் சொல்றீங்க?" என்றாள் எஸ்தர்.

அந்த அம்மாள் பெருங்களத்தூரில் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

தாம்பரத்தில் மேம்பாலப் படி ஏறி மேற்கே இறங்கினோம். பழவண்டிகள், பூக்காரிகள், செங்கல்பட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம். கோயில் பத்து நிமிஷ நடை.

காணிக்கைப் பாட்டு பாடும்போது எஸ்தர் எழுந்து முன்னே போனாள். பீடத்தின் முன் முழங்கால் போட்டு அட்டையை வைத்தாள்.

"ஆண்டவரே, இத நீரே வச்சுக்கும். எம்பொண்ணு தன் கையால எடுத்தா. உம்ம நம்பித்தானே எடுத்தா? ஏன் கொண்டுபோனீர்? எனக்கு உம்மேல கோவம். ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரல."

பாட்டு நின்றுவிட்டது. காணிக்கைப் பை பிடிக்கிற அண்ணன் ஓடிவந்து, "எந்திரிங்கம்மா, ஆராதனை நடக்குது" என்று தோளைத் தொட்டார்.

போதகர் கைகாட்டித் தடுத்தார். "அவங்க பேசிட்டிருக்காங்க. விடுங்க."

அங்கியோடு அவள் பக்கத்தில் முழங்கால் போட்டார். அவர் கண்ணிலும் நீர்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கும் கேட்க நிறைய இருந்தது. பயந்துகொண்டு ஸ்தோத்திரம் மட்டும் சொன்னேன். எஸ்தர் பேசப் பேச, ஆண்டவர் எதிரே நின்று கேட்கிறார் என்று இவளைப்போல நம்புகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை என்று தோன்றியது.

திரும்பும் ரயிலில் கேட்டேன்: "மனசு ஆறிச்சாடி?"

"எங்க ஆறுது? பதிலே வரல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறும் இதே வண்டிதானே அக்கா?" என்றாள்.

"மறுபடியும் சண்டைக்கா?"

"பின்ன? இன்னும் பாதிகூடச் சொல்லல."

ஸ்டேஷன் பெயர்களையும் டிக்கெட் விலையையும் விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். எஸ்தர் பேசியதில் மட்டும் கைவைக்க வேண்டாம். அது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.